தம்பி இறங்கும் தண்ணீர்

ஆகஸ்ட் மாதத்தில் எங்கள் தீவின் துறைமுக ஊரான நெயாஃபுவுக்கு வருகிறவர்கள் எல்லாரும் திமிங்கிலம் பார்க்க வருகிறார்கள். கலோலைனே அத்தை மட்டும் என்னைப் பார்க்க வந்தாள். பார்க்க என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறேன். அள்ளிக்கொண்டு போக வந்தாள்.

அப்பா போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. கறுப்பு உடை களைகிற விருந்துக்காக நியூசிலாந்தில் இருக்கிற ஆக்லாந்திலிருந்து அத்தை வந்து இறங்கினாள். எங்கள் தீவுகளில் அப்பாவின் அக்கா என்றால் லேசுப்பட்ட ஆள் இல்லை. போலீஸ்காரனை எதிர்த்துப் பேசலாம். பாதிரியாரைக்கூட எதிர்த்துப் பேசிவிட்டு மறுநாள் போய் மன்னிப்புக் கேட்கலாம். அத்தையிடம் வாயைத் திறக்க முடியாது. அவள் விரலை நீட்டிக் காட்டியது அவளுடையது. அவள் மனம் கசந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் தம்பி பிள்ளைகளுக்கு வலையில் மீன் விழாது, வயிற்றில் பிள்ளை தங்காது என்று ஊரே நம்புகிறது. நானும்தான். வந்த அன்றே நான் பின்னி முடித்த பெரிய பாயைச் சுருட்டித் தன் பெட்டிமேல் வைத்துக்கொண்டாள். மறுநாள் கொல்லையில் கொழுத்துத் திரிந்த பன்றியைக் காட்டி, "விருந்துக்கு அது" என்றாள். விருந்து முடிந்த காலையில், ரொட்டியைத் தேநீரில் முக்கிக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இடுப்பு எலும்பு தேஞ்சு போச்சு. ஆபரேஷன் பண்ணியே ஆகணும்கிறான் டாக்டர். நீ வந்து கூட இரு. ஆறு மாசம்தான். திங்கக்கிழமைக்கு டிக்கெட் போட்டாச்சு."

பாய், பன்றி, அடுத்து நான்.

விசாவிலிருந்து எல்லாவற்றையும் அத்தையின் பிள்ளைகள் என் புருஷன் மாகாவிடம் போனில் பேசி முடித்திருந்தார்கள். போகப்போகிறவளுக்குத்தான் கடைசியில் தெரிந்தது. வந்த கோபத்தில் சட்டியைப் போட்டு உருட்டினேன்.

"ஆறு மாசம் கண்ணை மூடித் தெறந்தா ஓடிரும் சியாலே" என்றான் மாகா.

"அப்ப நீ போ. போய் அத்தைக்கு இடுப்புத் தேய்ச்சு விடு."

"எனக்கு யாரு விசா குடுத்தா?"

அத்தைகளின் ஆறு மாதம் எப்படிப்பட்டது என்று எங்கள் ஊருக்கு நன்றாகத் தெரியும். என் பெரியம்மா மகள் ஒருத்தி இப்படித்தான் ஆறு மாதத்துக்குப் போனாள். அவளுக்கு அங்கே பேரப்பிள்ளைகள் பிறந்துவிட்டன.

போகமாட்டேன் என்று சொல்ல எனக்கு நாக்கு இல்லை. பிள்ளைகள் இருவரும் தலைநகரில் படிக்கிறார்கள், மாகாவுக்குத் தனியாகச் சமைத்துச் சாப்பிடத் தெரியும். அதெல்லாம் நடக்கும். என் வயிற்றெரிச்சல் வேறு. நான் அதுவரை திமிங்கிலத்தைத் தண்ணீருக்குள் பார்த்ததே இல்லை. பார்க்காமலே போய்விடுவேனோ என்பதுதான்.

கேட்டால் சிரிப்பார்கள். படகுத்துறையில் இருக்கிற எங்கள் தகரக் கூண்டில் வருடக்கணக்காக உட்கார்ந்து, திமிங்கிலத்தோடு நீந்த ஆள் அனுப்புகிறவள் நான். காலுக்கு ரப்பர் துடுப்பு, முகத்துக்குக் கண்ணாடி, மூச்சுக்குக் குழாய், மதியத்துக்கு ரொட்டி எல்லாம் அளந்து எடுத்துக் கொடுப்பது நான். காலையில் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு போகிறவர்கள் மாலையில் பேச்சிழந்து வருவார்கள். கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற அளவுக்கு ஆகிருதியான ஒரு ஜெர்மன்காரர் என் மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். பக்கத்தில் அவர் மனைவி ஈரத் துண்டோடு நின்று தானும் அழுதாள். "என்ன பாத்தீங்க?" என்று கேட்டேன். அவர் இரண்டு கைகளையும் விரித்தார். விரித்த கைகள் போதாமல் மறுபடி கீழே போட்டுவிட்டார். "நீங்க இறங்கியிருக்கீங்களா?" என்று கேட்கிற ஆட்களுக்கெல்லாம் நான் ஒரு புன்னகையைத்தான் கொடுப்பேன். அவர்களாகவே ஏதோ புரிந்துகொள்வார்கள்.

நான் இறங்காததற்குக் காரணம் பயம் இல்லை. தண்ணீரில் ஆட்களோடு வழிகாட்டி ஒருவன் இறங்கியாக வேண்டும், அது சட்டம். எங்கள் படகை ஓட்டுவது மாகா, வழிகாட்டி என் தம்பி ஃபோலாவ்.

அக்காவும் தம்பியும் ஒரே தண்ணீரில் இறங்குவது எங்களிடம் இல்லை. எனக்குப் பன்னிரண்டு வயதானதும் அவன் படுக்கை கொல்லைக் குடிசைக்குப் போனது. அன்றிலிருந்து நான் இருக்கிற அறைக்குள் அவன் வருவதில்லை. என் செருப்பு வாசலில் கிடந்தால் வெளியே மரத்தடியில் உட்கார்ந்துகொள்வான். டிவியில் நான் படம் பார்த்தால் அவன் பார்க்கமாட்டான். நேரே நின்று பேசுவது, கேலி செய்வது, தொடுவது எதுவும் கிடையாது. வெளியூர்க்காரர்கள் இதைச் சண்டை என்று நினைப்பார்கள். சண்டையாம்! அவன் வலையில் விழுகிற முதல் மீன் என் வீட்டுக்குத்தான் வரும். அவன் தோட்டத்தின் பெரிய வள்ளிக்கிழங்கு என் அடுப்புக்குத்தான் வரும். அவன் கல்யாணத்துக்கு உட்கார்ந்த பாய் நான் பின்னியது. அவன் என்னோடு பேசிய வார்த்தைகளைவிட அனுப்பிய மீன்கள் அதிகம். தலைநகரில் இப்போது இதெல்லாம் தளர்ந்துவிட்டது என்கிறார்கள். எங்கள் அப்பா கோயிலில் பிரசங்கம் செய்தவர். எங்கள் வீட்டில் ஒன்றும் தளரவில்லை.

வேறு படகில் போகலாமே என்பீர்கள். எந்தப் படகில்? இந்தத் துறையில் வழிகாட்டி வேலை பார்ப்பவன் ஒவ்வொருவனும் எனக்குச் சித்தப்பா மகன், பெரியப்பா மகன், அத்தை மகன், மாமன் மகன். எங்கள் கணக்கில் அத்தனை பேரும் அண்ணன் தம்பிதான். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு தம்பி.

வெள்ளிக்கிழமை மாலை அத்தையே பேச்சை எடுத்தாள்.

"நாளைக்கு என்னைக் கடலுக்குக் கூட்டிட்டுப் போங்க. இத்தனை வருஷம் கழிச்சு இந்த மாசத்துல வந்திருக்கேன். அதுங்களைப் பாக்காம போகமாட்டேன்."

"நாளைக்கு ஆள் பதிவு பண்ணியிருக்காங்க அத்தை" என்றான் மாகா. "ஞாயித்துக்கிழமை..."

சொல்லிவிட்டு அவனே நாக்கைக் கடித்துக்கொண்டான். ஓய்வுநாளான ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் படகு அவிழ்த்தால் ஜெயில். அத்தை அவனை ஒரு பார்வை பார்த்தாள். பதிவு பண்ணியிருந்த நியூசிலாந்துக் குடும்பத்தை மாகா அவசர அவசரமாக வேறொரு தம்பியின் படகுக்கு மாற்றிவிட்டான்.

"சியாலேவும் வரணும். என் பக்கத்துல ஒரு பொம்பளை வேணும். எனக்கு ஒண்ணுக்கு வந்தா மாப்ளையா கை பிடிச்சு விடுவாரு?"

மாகா எழுந்து வெளியே போய்விட்டான்.

சனிக்கிழமை காலை காற்று விழுந்து கிடந்தது. நான் நீளக் கால்சட்டையும் முழங்கால் தொடும் பனியனும் போட்டு, அதன்மேல் துணியைச் சுற்றிக்கொண்டு படகின் முன்பக்கம் உட்கார்ந்திருந்தேன். ஃபோலாவ் கயிற்றுக் கட்டோடு வந்தான். என்னைப் பார்த்ததும் துறையிலேயே நின்றான். அவன் கடலைப் பார்த்தான், நான் கயிற்றைப் பார்த்தேன்.

"ஏறு மச்சான்" என்றான் மாகா. "உன்னை ஒண்ணும் கடிக்கமாட்டா. கடிக்கிறதெல்லாம் என்னைத்தான்."

அத்தை அவன் முதுகில் ஒன்று வைத்தாள். பெரிய பெரிய செம்பருத்திப் பூப்போட்ட கவுன், இடுப்பில் எங்கள் வழக்கப்படி மரியாதைக்குச் சுற்றிய பாய், தலையில் ஓலைத் தொப்பி, இந்தக் கோலத்தில் அவள் படகின் நடுவில் போய் உட்கார்ந்ததும் படகு ஒருமுறை ஆழ்ந்து எழுந்தது. எனக்கும் தம்பிக்கும் நடுவே அதைவிடப் பெரிய சுவர் கட்ட முடியாது. ஃபோலாவ் பின்பக்கம் ஏறி, கரையைப் பார்த்து உட்கார்ந்தான்.

துறையைத் தாண்டித் தீவுகளுக்கு நடுவே போனோம்.

"மாமா, முன்னாடி அலை தெறிக்கும். துணியை இழுத்துப் போத்திக்கச் சொல்லுங்க" என்றான் ஃபோலாவ் மாகாவிடம்.

"சியாலே, போத்திக்குவியாம்!"

"போத்தியாச்சுன்னு சொல்லு."

"மச்சான், போத்தியாச்சாம். குளிருதாம். புருஷன் ஞாபகமா இருக்காம்."

"டேய்!" என்று நான் திரும்பிக் கத்திவிட்டேன். தம்பி இருக்கிற இடத்தில் இந்த மாதிரிப் பேச்சா? எனக்கு முகம் எரிந்தது. ஃபோலாவ் குனிந்து காலில் இல்லாத முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். அத்தை மாகாவின் காதைப் பிடித்துத் திருகினாள். படகு ஒரு வட்டம் போட்டது.

அத்தைதான் முதலில் கண்டாள். இரண்டு தீவுகளுக்கு நடுவே தண்ணீரிலிருந்து வெள்ளையாக ஒரு மூச்சு எழுந்தது. பக்கத்திலேயே சின்னதாக இன்னொன்று.

"தாயும் பிள்ளையும்" என்றாள். குரல் அடங்கியிருந்தது. "எஞ்சினைக் குறை மாப்ளே. தொரத்தாத."

மாகா எஞ்சினைக் குறைத்துக் காத்திருந்தான். தாய் பழகும்வரை காத்திருக்க வேண்டும். பழகாவிட்டால் திரும்ப வேண்டும். காத்திருந்த நேரத்தில் அத்தை தண்ணீரைப் பார்த்தபடியே பேசினாள்.

"எங்கப்பன் இதுங்க மேல ஈட்டி எறிஞ்சவன். ராஜா நிறுத்தச் சொல்ற வரைக்கும் எறிஞ்சான். மொதல்ல குட்டியத்தான் குத்துவான். குட்டியக் குத்தினா தாய் எங்கயும் போகாது, அங்கயே சுத்தும். அப்புறம் தாயைக் குத்துறது சுலபம். கரைக்கு இழுத்துட்டு வந்தா ஊரே கத்தியோட ஓடும். நானும் ஓடியிருக்கேன். நல்லாத்தான் இருந்துச்சு கறி. பொய் சொல்லக் கூடாது."

அவள் தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டாள்.

"உங்கப்பன் மட்டும் ஓடமாட்டான். வீட்டுக்குப் பின்னால போய் நின்னுக்குவான். ஏன்டான்னு கேக்க எனக்கு ஆசை. எப்படிக் கேக்கறது? நான் அக்கா. அப்புறம் நான் ஆக்லாந்து போயிட்டேன். அவன் போன் பண்ணுவான். உங்கம்மாதான் வாங்கிப் பேசுவா. அக்கா சௌக்கியமான்னு கேக்கறாருன்னு சொல்லுவா. அவன் பின்னாடி நின்னு மூச்சு விடறது எனக்குக் கேக்கும். போன வருஷம் வரைக்கும் கேட்டுச்சு."

அவள் மூக்கை உறிஞ்சினாள்.  பின்னால் ஃபோலாவ் என்ன செய்கிறான் என்று தெரியவில்லை. திரும்பிப் பார்ப்பது முறையில்லை.

தாய் நகரவில்லை. குட்டி மட்டும் அவ்வப்போது மேலே வந்து மூச்சுவிட்டுப் போனது. "பழகிருச்சு" என்று மாகா மெல்லச் சொன்னான். "இப்ப எறங்கலாம். ஆனா எறங்கத்தான் ஆள் இல்ல."

"ஏன் இல்ல? சியாலே, எறங்கு."

"அத்தை?"

"காது கேக்கலையா? எறங்கிப் பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லு. இந்த இடுப்பை வச்சுக்கிட்டு நான் எறங்கினா என்னைத் தூக்க இன்னொரு திமிங்கிலம் வரணும். கரையில வெட்டிப் போட்டதைத்தான் நான் பாத்திருக்கேன். உசுரோட இருக்கறதோட கண்ணைப் பாத்ததில்ல. நீ பாரு."

 எத்தனை வருட ஆசை! ஒரு வார்த்தையில் எடுத்து நீட்டிவிட்டாள். வாங்கிக்கொள்ள முடியவில்லை.

"அத்தை, வழிகாட்டி இல்லாம எறங்கக் கூடாது. சட்டம்" என்றான் மாகா.

"வழிகாட்டிதான் அதோ ஒக்காந்திருக்கானே."

 ஃபோலாவின் முகத்தை நான் பார்க்கவில்லை, ஆனால் அவன் கையிலிருந்த ரப்பர் துடுப்பு பலகையில் விழுந்த சத்தம் கேட்டது.

"மாமா" என்றான் கடைசியில். "எனக்கு இது வராதுன்னு அத்தைகிட்ட சொல்லுங்க."

"எங்கிட்ட சொல்ல எதுக்குடா தரகர்? நான் உன் அத்தை, உன் அக்கா இல்ல." அத்தை இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவன் பக்கம் திரும்பினாள். "முறை எனக்குத் தெரியாதா? எனக்கே கத்துக்குடுக்கிறியா? நீ மொதல்ல எறங்கு. தள்ளிப் போ. மூஞ்சிய அந்தப் பக்கம் வச்சுக்க. இவ பின்னால எறங்குவா. நீ இவளைப் பாக்காத, இவளும் உன்னைப் பாக்கமாட்டா. நான் இங்க ஒக்காந்து ரெண்டு பேரையும் பாத்துக்கிட்டே இருப்பேன்."

 அத்தை பார்த்துக்கொண்டே இருப்பாள் என்றால் பார்த்துக்கொண்டேதான் இருப்பாள்.

"அப்ப இது வழிகாட்டி இல்ல, முதுகுகாட்டி" என்றான் மாகா. அத்தை கையை ஓங்கியதும் காதைப் பொத்திக்கொண்டான்.

ஃபோலாவ் சத்தமில்லாமல் தண்ணீருக்குள் வழுக்கினான். நான் கண்ணாடியில் எச்சில் துப்பித் தேய்த்தேன். ஆயிரம் பேருக்குச் சொல்லிக்கொடுத்ததை முதல்முறையாக எனக்காகச் செய்தேன்.  சுற்றியிருந்த துணியை அவிழ்த்து அத்தையின் மடியில் போட்டுவிட்டு இறங்கினேன்.

ஆகஸ்ட் தண்ணீர். குளிர் நெஞ்சைப் பிடித்தது. முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தேன்.

நீலம். அவ்வளவுதான். மேலிருந்து வெயில் கோடு கோடாக இறங்கி, கீழே எங்கேயோ போய் ஒன்றாகச் சேர்ந்தது. தூரத்தில் தம்பியின் முதுகும் கறுப்பு ரப்பர் துடுப்புகளும் தெரிந்தன. சட்டென்று கண்ணைத் திருப்பிக்கொண்டேன். அப்போதுதான் காதுக்குள் அந்தச் சத்தம் வந்தது. எங்கேயோ ஆண் ஒன்று பாடிக்கொண்டிருந்தது. துருப்பிடித்த கதவு திறக்கிற மாதிரி ஆரம்பித்து, மாடு கத்துவது போல இறங்கி, பிறகு எதைப் போலவும் இல்லாமல் போனது. அது காதில் கேட்கவில்லை, விலா எலும்பில் கேட்டது. என் உடம்புக்குள் இடம் பிடித்துக்கொண்டு யாரோ பாடுகிறார்கள். புல்லரித்துப் போனேன். இதையா கூண்டில் உட்கார்ந்து ரொட்டி கட்டிக்கொண்டு இத்தனை வருடம் தவறவிட்டேன்!

கீழே பார்த்தேன். நல்லவேளை, தரை தெரிகிறது, கறுப்பாகப் பாறை என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் அந்தப் பாறையையே பார்த்துக்கொண்டு மிதந்தேன். பிறகுதான் உறைத்தது. அந்த இடத்தில் எங்கள் கடலுக்குக் கண்ணுக்கு எட்டுகிற தரை கிடையாது.

பாறைக்கு ஓரத்தில் வெள்ளையாக ஒரு கை விரிந்தது. ஒரு கை மட்டுமே எங்கள் படகில் பாதி இருக்கும். நான் அந்தக் கையிலிருந்து தலை எங்கே என்று தேடினேன். தேடிக்கொண்டே போனேன். வால் எங்கே என்று தேடினேன். அதுவும் வந்துகொண்டே இருந்தது. கண்ணுக்குள் மொத்தமாக அடங்கவே இல்லை. அந்த ஜெர்மன்காரர் ஏன் கைகளைக் கீழே போட்டார் என்று புரிந்தது. கடவுளே, கடவுளே என்று குழாய்க்குள்ளேயே சொன்னேன். இவ்வளவு பெரிதாக ஒன்றைப் படைத்துவிட்டு, அதை இவ்வளவு அமைதியாகவும் வைத்திருக்கிறானே! நான் அழுதேனா என்று கேட்டால், கண்ணாடிக்குள் தண்ணீர் இருந்தது, வெளியேயும் தண்ணீர் இருந்தது, எது எது என்று எனக்குத் தெரியாது.

அப்போது தாயின் தாடைக்குக் கீழிருந்து குட்டி புறப்பட்டது.

குட்டி என்று பெயர். எங்கள் பழைய வேன் அளவுக்கு இருந்தது. மூச்சுவிட மேலே வருகிறது என்று நினைத்தேன். அது நேரே என்னிடம் வந்தது. வெள்ளை வயிற்றைக் காட்டிப் புரண்டது, சுற்றியது, மறுபடி வந்தது. விளையாடுகிறது. எனக்குத் தெரிகிறது, விளையாடுகிறது. ஆனால் அந்த வால் ஒரு தட்டுத் தட்டினால் நான் இல்லை. பின்னால் நீந்த முயன்றேன். குழாயில் தண்ணீர் ஏறியது. உப்பு தொண்டையில் இறங்கி இருமல் வந்தது. தண்ணீருக்குள் இருமினால் என்ன ஆகும் என்று ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கிறேன், எதுவும் நினைவுக்கு வரவில்லை. மேலே எது, கீழே எது என்று குழம்பிப்போய் கையைக் காலை அடித்தேன். அவ்வளவுதான் சியாலே, ஆக்லாந்தும் இல்லை, ஒன்றும் இல்லை என்று தோன்றியது.

என் கையை ஒரு கை பிடித்தது.

அந்தக் கை என்னை மேலே தூக்கியது. தலை வெளியே வந்தது. இருமினேன், துப்பினேன், மூச்சு கிடைத்தது. பக்கத்தில் ஃபோலாவின் முகம். பன்னிரண்டு வயதுக்குப் பிறகு இவ்வளவு கிட்டத்தில் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. புருவத்தில் நரை வந்திருக்கிறது. எப்போது வந்தது? அவன் என் குழாயிலிருந்த தண்ணீரைக் கொட்டி, என் வாயில் வைத்தான். கையை விடுவான் என்று காத்திருந்தேன். விடவில்லை. அசையாதே என்று அழுத்தினான், கீழே பார் என்று தன் முகத்தைத் தண்ணீரில் வைத்தான். நானும் வைத்தேன்.

தாய் மேலே வந்துகொண்டிருந்தது.

அவசரமே இல்லை அதற்கு. தன் பிள்ளை யாரோடு விளையாடுகிறது என்று பார்க்க வருகிற தாயின் நடை. ஒரு சுவர் முழுவதும் எழுந்து வருவது போல எங்கள் முன்னால் எழுந்தது. தாடையின் வரிகள், முட்டு முட்டான தலை, ஒட்டியிருந்த சிப்பிகள் எல்லாம் எங்களைக் கடந்து போயின. பிறகு கண் வந்தது. ஆரஞ்சுப் பழம் அளவுதான் இருக்கும், அந்த உடம்புக்கு அது ஒரு புள்ளி. அந்தப் புள்ளி நின்றது. எங்களைப் பார்த்தது. வெறித்துப் பார்க்கிற மீன்கண் இல்லை அது, ஆள் பார்க்கிற பார்வை. என் தாத்தா இதன் அம்மாவையோ பாட்டியையோ குத்தியிருப்பார். அந்தக் கண்ணுக்கு முன்னால் நான் ஒரு சின்ன உயிராகத் தொங்கிக்கொண்டிருந்தேன். பயம் போய்விட்டது. வெட்கம் போய்விட்டது. என் தம்பியின் கை என் கைக்குள் இருந்தது. கயிறு இழுத்துக் காய்த்துப்போன கை. எனக்கு வந்த அத்தனை மீனையும் பிடித்த கை. அது நடுங்கிக்கொண்டிருந்தது. தினமும் பார்க்கிறவன்தானே இவன், இவனுக்கு ஏன் நடுக்கம் என்று நினைத்தேன். பிறகு எனக்கே புரிந்தது. நானும் இறுக்கிப் பிடித்தேன்.

கண் கடந்து போனது. குட்டி தாயின் பக்கம் ஒட்டிக்கொண்டது. வால் ஒருமுறை மெல்ல அசைந்தது, நீலம் அவற்றை வாங்கிக்கொண்டது. அந்தப் பாட்டு மட்டும் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

மேலே வந்தோம். வெளிச்சத்தில் கண் கூசியது. அப்போதுதான் அத்தை என் நினைவுக்கு வந்தாள். செத்தேன் என்று நினைத்தேன். எல்லாவற்றையும் பார்த்திருப்பாள். கையைப் பிடித்ததை, பிடித்துக்கொண்டே இருந்ததை, நாங்கள் இரண்டு பேரும் தோளோடு தோள் மிதந்ததை. இனி என் பிள்ளைகளுக்கும் அவன் பிள்ளைகளுக்கும் என்ன ஆகுமோ. பயந்துகொண்டே படகைப் பார்த்தேன்.

செம்பருத்திப் பூப்போட்ட அகலமான முதுகு தெரிந்தது. அத்தை படகில் மறுபக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். ஒரு கையால் மாகாவின் பிடரியைப் பிடித்து அவனையும் திருப்பி வைத்திருந்தாள்.

"அத்தை, நான் அவங்களைப் பாக்கணும். தண்ணில ஆள் இருந்தா கண்ணை எடுக்கக் கூடாது. சட்டம்!"

"சட்டம் கெடக்கு. கடவுள் பாத்துக்குவாரு. நீ அந்தத் தீவைப் பாரு."

"தீவுல என்ன இருக்கு?"

"தென்னை மரம் இருக்கு. எண்ணு."

சொல்லிவிட்டுக் கோயிலில் பாடுகிற பாட்டை உரக்க எடுத்தாள். சுருதி எங்கேயோ போனது. தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. திரும்பவில்லை.

ஃபோலாவும் அதைப் பார்த்தான். முகக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான். அவன் கண்கள் சிவந்திருந்தன. உதடு இரண்டு தடவை திறந்து மூடியது. கை இன்னும் என் கையில்தான் இருந்தது.

"போயிட்டு வாங்கக்கா" என்றான். நேராக என் முகத்தைப் பார்த்து, என்னிடம். "உடம்பைப் பாத்துக்கங்க."

 தலையை ஆட்டினேன். அத்தையின் பாட்டு முடியப்போகிறது என்று இரண்டு பேரும் காதைக் கொடுத்துக் காத்திருந்தோம். அவள் கடைசி அடியை இழுத்துப் பாடி முடித்தாள், மூச்சு வாங்கினாள், திரும்பாமலே மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.